கழுத்தை எக்கிப் பார்க்க ஓர் இங்கிலீஸ் சொல்

பதுளைக் கோச்சி (ரயில்) கொட்டகலையைத் தாண்டித் தலவாக்கலையை நெருங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்ன அமளி நடக்கும். சென்கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் பக்கத்தில் இடம் பிடித்தவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள்தான் பாவம். பாதி எழுந்து, முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலால் கழுத்தை எக்கி, அருவி கண்ணில் படுவதற்குள் மரங்கள் வந்து மறைத்துவிடும். மேல் கொத்மலை அணை 2012இல் வந்த பிறகு அருவியில் விழும் தண்ணீரும் குறைந்துபோனது. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எக்க வேண்டியிருக்கிறது.

அந்த எக்கலுக்கு இங்கிலீஸில் ஒரே ஒரு வினைச்சொல் இருக்கிறது: கிரேன்.

“அது பாரம் தூக்குற மெஷின் இல்லையா சேர்?” என்று என் டியூஷன் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்பார். ஆமாம், கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிற அதே கிரேன்தான். எழுத்தும் அதே, உச்சரிப்பும் அதே. பெயர்ச்சொல்லாக எல்லோருக்கும் தெரிந்த சொல், வினைச்சொல்லாக வரும்போது மட்டும் பந்தியின் நடுவில் ஆளைத் தடுக்கி விழுத்திவிடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், எல்ல ஊர்ப் பக்கம் வெளிநாட்டவரைக் கூட்டிக்கொண்டு திரிகிற தம்பிமார், இங்கிலீஸ் கதைப் புத்தகம் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கிலீஸ் வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாசித்துவிட்டு உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், அதுவே பாதிப் பயிற்சி. சொல்லின் எழுத்துகள்: ஸி, ஆர், ஏ, என், ஈ.

முதல் படி: அகராதியைத் திறக்காதீர்கள், உடம்பால் செய்து பாருங்கள்

வகுப்பில் கடைசி வாங்கில் உட்காருங்கள். முன்னால் உயரமான ஒருவன் இருக்கட்டும். கரும்பலகையின் கீழ்ப் பாதி தெரியவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்? எழுந்து நிற்க மாட்டீர்கள், திட்டு விழும். இடத்தை விட்டு அசையாமல் நாடியை உயர்த்தி, கழுத்தைப் பக்கவாட்டில் நீட்டி, அவன் காதுக்கும் தோளுக்கும் இடையில் தெரிகிற சந்தால் பார்ப்பீர்கள். நீங்கள் இப்போது செய்ததுதான் கிரேன்.

அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஏதோ ஒன்று மறைத்தது, அல்லது எட்டாத இடத்தில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் இருந்தது. அதற்காகக் கழுத்து கொஞ்சம் கஷ்டப்பட்டது. இந்த மூன்றில் எது குறைந்தாலும் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அகராதி ‘கழுத்தை நீட்டுதல்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் கழுத்து இதில் கருவி மட்டும்தான், சொல்லின் உயிர் அந்த மறைப்பிலும் ஆவலிலும் இருக்கிறது.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கப் பறித்த கொழுந்தைத் தூக்கி வைத்தாயிற்று. தராசு எத்தனை கிலோ காட்டுகிறது என்பதைப் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு கொப்பியில் ஏறுகிற எண் வேறு. நிறுக்கிறவரின் முதுகு மறைக்கிறது. என் அம்மா அந்த முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை வருஷம் எக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கிலீஸில் எழுதினால்:

‘ஷி கிரேன்ட் ஹர் நெக் டு ஸீ த ஸ்கேல்.’

தராசைப் பார்க்க அவர் கழுத்தை எக்கினார். ‘ஷி லுக்ட் அட் த ஸ்கேல்’ என்று எழுதினாலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அந்த முதுகும் மறைப்பும் பதற்றமும் வசனத்திலிருந்து காணாமல் போய்விடும்.

இரண்டாம் படி: பறவையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

மெஷினுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் நடுவில் ஒரு பறவை நிற்கிறது. கிரேன் என்பது முதலில் நீண்ட காலும் நீண்ட கழுத்தும் உள்ள ஒரு பெரிய கொக்கின் பெயர். பாரம் தூக்கும் இயந்திரம் அதைப் போலவே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதால் அதற்கும் அந்தப் பெயர் வந்தது. பழைய கிரேக்கரும் இதையேதான் செய்தார்கள். கெரனோஸ் என்ற ஒரே சொல்லால் பறவையையும் பாரந்தூக்கியையும் அழைத்தார்கள். நுவரெலியாவில் வீட்டு முற்றங்களில் பூக்கிற ஜெரேனியத்தின் பெயரும் அந்தக் கிரேக்கக் கொக்கிலிருந்து வந்ததுதான், அந்தச் செடிக் குடும்பத்தின் காய் கொக்கின் அலகு போல் கூராக நீண்டிருக்கும். மனிதர் கழுத்தை நீட்டுவதற்கு இங்கிலீஸில் இந்தச் சொல் வந்து சேர்ந்தது பிந்தித்தான், 18ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில்.

ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குப் பின்னால் திரிகிற நம்ம வெள்ளைக் கொக்கு கிரேன் அல்ல. அதற்கு இங்கிலீஸில் ஈக்ரெட் என்று பெயர். கிரேன் இனம் நம் நாட்டில் வாழும் பறவை இல்லை, வட இந்தியாவுக்குப் போனால் சாரஸ் கொக்கைப் பார்க்கலாம். வித்தியாசம் தெரிய இலகுவான வழி, பறக்கும்போது பார்ப்பது. நம்ம வெள்ளைக் கொக்கு கழுத்தை மடித்து உடம்போடு சேர்த்துக்கொண்டு பறக்கும். கிரேன் கழுத்தை முன்னால் முழுதாக நீட்டியபடி பறக்கும். அந்த நீட்டிய கழுத்தை மனதில் பதித்துக்கொண்டால் வினைச்சொல் மறக்காது. சும்மா ‘கொக்கு’ என்று மட்டும் மனப்பாடம் செய்தால் ஒற்றைக் காலில் நிற்பதுதான் நினைவுக்கு வரும். என் மாணவன் ஒருவன் அப்படித்தான் ‘ஒற்றைக் காலில் நின்றான்’ என்று அர்த்தம் எழுதி வைத்தான். தப்புத்தான், ஆனால் யோசித்து எழுதியிருக்கிறான் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

மூன்றாம் படி: வாயில் வரவேண்டும்

இங்கே தமிழ் எழுத்து நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். ‘கிரேன்’ என்று எழுதியதும் கி, ரேன் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லத் தோன்றும். இங்கிலீஸில் இது ஒரே அசை. க்-இல் தொடங்கி நடுவில் இகரம் வராமல் நேராக ரகரத்துக்குத் தாவுங்கள். ஏகாரத்தின் முடிவில் லேசான யகரச் சாயல் இருக்கும்.

அடுத்தது பெரிய குழி. தானியத்துக்கு இங்கிலீஸில் உள்ள சொல்லையும் தமிழில் எழுதினால் ‘கிரேன்’ என்றுதான் வரும். ஆனால் அது ‘கங்கை’யில் முதலில் வருகிற மெல்லிய ககர ஒலி. நம்முடையது ‘கல்’லில் வருகிற வல்லின ஒலி. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கழுத்துக் கிரேனுக்கு லேசாகக் காற்று கையில் படும், தானியக் கிரேனுக்குப் படாது.

இறந்த காலம் கிரேன்ட். கடைசியில் வருவது டி என்ற எழுத்தின் மெல்லிய ஒலி, அதை அழுத்தி ‘டு’ ஆக்கிவிடாதீர்கள். தொடர்ந்து நடப்பதற்கு கிரேனிங். எழுதும்போது கடைசி ஈ எழுத்தை எடுத்துவிட்டுத்தான் ஐ, என், ஜி சேர்க்க வேண்டும். மற்றபடி ஒழுங்கான வினைச்சொல்தான், தனியாகப் பாடமாக்க ஒன்றும் இல்லை.

நான்காம் படி: வசனத்தில் உட்கார வைப்பது

தமிழர் இதில் அதிகம் பிழை விடும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘கழுத்தை எக்கிப் பார்த்தாள்’ என்போம். யாருடைய கழுத்து என்று கேட்டால் சிரிப்போம், அவளுடையதுதானே! ஆனால் இங்கிலீஸ் அந்தச் சொந்தக்காரியைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. ‘கிரேன்ட் த நெக்’ என்று எழுதினால் ஏதோ பொதுக் கழுத்து போலத் தொனிக்கும். மை நெக், ஹிஸ் நெக், ஹர் நெக் என்று போடுங்கள். ஆட்கள் பலர் என்றால் தெயர் நெக்ஸ். பன்மைக்கான எஸ் எழுத்தை மறந்தால் கூட்டத்துக்கு முழுக்க ஒரே கழுத்து என்றாகிவிடும்.

எதற்காக எக்கினார்கள் என்பதை ‘டு’ போட்டுச் சேர்த்துவிடுங்கள். தமிழில் ‘பார்க்க’, ‘பார்ப்பதற்கு’ என்று வருகிற இடம் அதுதான்:

‘வி கிரேன்ட் அவர் நெக்ஸ் டு ஸீ த போட்.’ பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்க்கக் கழுத்தை எக்கினோம். ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்திப் பொழுதில் நின்றவர்களுக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை. மஸ்கெலியாவா, பொகவந்தலாவையா என்று தெரிவதற்குள் பஸ் நிரம்பிவிடும்.

இது பழகிய பிறகு கழுத்தையே விட்டுவிடலாம். கிரேன் என்றாலே கழுத்து உள்ளே இருக்கிறது அல்லவா? அப்போது எந்தத் திசையில் எக்கினார்கள் என்பதைச் சொல்லும் சின்னச் சொல் பின்னால் வரும். முன்னால் என்றால் ‘ஃபோர்வர்ட்’, ஒன்றின் மேலால் என்றால் ‘ஓவர்’, ஒன்றைச் சுற்றி மறுபுறம் என்றால் ‘அரவுண்ட்’. கூட்டத்தில் பேச்சாளர் ஒரு கடதாசியைத் தூக்கிக் காட்டினார் என்று வையுங்கள்: ‘த க்ரவுட் கிரேன்ட் ஃபோர்வர்ட்.’ கூட்டமே முன்னால் எக்கியது. சின்ன வசனம்தான், ஆனால் படம் முழுதாக வந்துவிடுகிறது.

கிரேன் என்றால் மேலே மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தெமோதரை ரயில் நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பும் பாதை ஒரு பெரிய வளையம் போட்டு வந்து அந்த நிலையத்துக்கே அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். மேலே நின்று கீழே போகிற கோச்சியைப் பார்க்க விளிம்புக்கு மேலால் தலையை நீட்டுகிறார்களே, அதுவும் கிரேன்தான்: ‘தே கிரேன்ட் ஓவர் த எட்ஜ் டு ஸீ த ட்ரெயின் பிலோ.’ மேலே பார்ப்பதற்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி. நாட்டிலேயே உயரமானது, 263 மீட்டர். அடியில் போய் நின்றால் உச்சியைப் பார்க்கக் கழுத்து பின்னால் வளையும்: ‘யு ஹேவ் டு கிரேன் யுவர் நெக் டு ஸீ த டொப்.’ இங்கே யாருடைய முதுகும் மறைக்கவில்லை, உயரம்தான் எட்டவில்லை.

ஐந்தாம் படி: எட்டிப் பார்த்ததெல்லாம் கிரேன் ஆகாது

நம்ம தமிழில் ‘எட்டிப் பார்’ என்பது ஒரு மூட்டைச் சொல், எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொள்ளும். ஜன்னலால் எட்டிப் பார்த்தான், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள், பெரியம்மா வீட்டை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வா. இங்கிலீஸில் இந்த மூட்டையை அவிழ்த்துத் தனித்தனியாக வைக்க வேண்டும்.

கதவிடுக்கால் யாருக்கும் தெரியாமல் பார்த்தால் பீப். அதில் ஒளிப்பு இருக்கிறது. கிரேனில் ஒளிப்பு கிடையாது, கழுத்தை நீட்டுகிறவனை ஊரே பார்க்கும். பனி மூடிய பாதையில் எதிரே வருவது லொறியா பஸ்ஸா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பியர். அங்கே கஷ்டப்படுவது கண், கழுத்து இல்லை. பெரியம்மா வீட்டு விஷயத்துக்கு ‘விசிட்’ போதும், அதற்குக் கழுத்தே வேண்டாம்.

எல்லத் தம்பிமாருக்கு இது முக்கியம்: கோச்சி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்களே சுற்றுலாக்காரர்கள், அதைத் தடுக்க ‘டோன்ட் கிரேன்’ என்று கத்தாதீர்கள். ‘டோன்ட் லீன் அவுட்’ என்று சொல்லுங்கள். உடம்பு சாய்ந்தால் லீன், கழுத்து மட்டும் நீண்டால் கிரேன். சுரங்கம் நெருங்கும்போது சொல் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, ஆகவே இதை முன்கூட்டியே வாயில் வைத்திருங்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேல் சரிவில் காத்திருக்கும் கூட்டத்துக்கு மட்டும் தாராளமாகக் கிரேன் போடலாம். கோச்சிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே பக்கம் எக்குவார்கள்: ‘எவ்ரிபடி கிரேன்ட் தெயர் நெக்ஸ் வென் தே ஹேர்ட் த ட்ரெயின்.’

கழுத்து பிடித்துக்கொண்டது, டொக்டர் பயிற்சி செய்யச் சொன்னார் என்றால் அது ஸ்ட்ரெச். பயிற்சியில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, ஆவலும் இல்லை. தூரத்தில் பேசுவதைக் கேட்கக் கஷ்டப்பட்டால் ‘ஸ்ட்ரெயின்ட் டு ஹியர்’ என்பதுதான் பொருத்தம். கிரேனைக் கேட்பதற்கும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அதைக் கண்ணுக்கே வைத்துக்கொள்வது நல்லது.

நுவரெலியா வீதி வளைவில் வான் ஒன்று சறுக்கிக் கிடந்தால் வருகிற வாகனமெல்லாம் மெதுவாகி, உள்ளே இருப்பவர்கள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கு அமெரிக்கர்களிடம் தனியாக ஒரு சொல் உண்டு, ரப்பர்நெக். இறப்பர் கழுத்து! கிரேன் யாரையும் குறை சொல்லாது, ரப்பர்நெக் கொஞ்சம் ஏசும். பழைய இங்கிலீஸ் புத்தகங்களில் கிரேனுக்குத் ‘தயங்குதல்’ என்ற அர்த்தமும் கிடைக்கும். குதிரையில் போகிறவன் வேலியைத் தாண்டுமுன் நிறுத்தி அப்பால் என்ன இருக்கிறது என்று எக்கிப் பார்ப்பானாம், அதிலிருந்து வந்தது. இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

கழுத்தைக் கொண்டு இன்னொரு சொற்றொடர் இருக்கிறது, அதையும் இதையும் குழப்பினால் அர்த்தமே மாறிவிடும். ‘ஸ்டிக் யுவர் நெக் அவுட்’ என்றால் மற்றவர்களுக்காகத் துணிந்து ஆபத்தில் இறங்குவது. தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் வாய் மூடி நிற்கும்போது ஒரு தலைவர் மட்டும் முன்னால் வந்து நாள் கணக்கில் பேர் விட்டதைப் பற்றிக் கேட்கிறார் என்றால், ‘ஹி ஸ்டக் ஹிஸ் நெக் அவுட் ஃபோர் அஸ்.’ பின்வரிசையில் நின்று கழுத்தை எக்கி வேடிக்கை பார்த்த நாங்கள்தான் கிரேன்.

அப்புறம், கல்யாணக் கழுத்து. தமிழில் ‘கழுத்தை நீட்டினாள்’ என்றால் தாலிக்கு என்பது சொல்லாமலே தெரியும். என் வகுப்பில் ஒரு பிள்ளை, அக்காவின் கல்யாணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, முதல் கிழமை படித்த சொல்லை வீணாக்கக் கூடாது என்று நினைத்து, ‘மை சிஸ்டர் கிரேன்ட் ஹர் நெக் டு எ டீச்சர்’ என்று எழுதிவிட்டாள். இங்கிலீஸ்காரர் ஒருவர் வாசித்தால் மணவறையில் உட்கார்ந்த பெண் கூட்டத்துக்கு மேலால் யாரோ ஒரு வாத்தியாரைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். சரியான வசனத்துக்குக் கழுத்தே தேவையில்லை: ‘மை சிஸ்டர் மேரிட் எ டீச்சர்.’ நான் சிவப்புப் பேனையால் வெட்டும்போது அந்தப் பிள்ளையும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாருக்கும் கிரேன் மறந்ததில்லை.

எங்கே எழுதலாம், எங்கே வேண்டாம்

கதை, கட்டுரை, செய்தி விவரிப்பு, இவற்றில் நன்றாக உட்காரும். விண்ணப்பக் கடிதத்தில் இதற்கு வேலை இல்லை. பேச்சில், நானே இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘ஐ ஆம் ட்ரையிங் டு ஸீ’ என்பது இயல்பு. ‘ஐ ஆம் கிரேனிங் மை நெக்’ என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் பகிடிக்குச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். நடந்து முடிந்ததை இன்னொருவருக்கு விவரிக்கும்போதுதான் இதற்கு ருசி. ஒரு பக்கத்தில் ஒருமுறை போதும். ஒரே கட்டுரையில் நாலு பேர் எக்கினால் வாசிப்பவருக்குக் கழுத்து வலிக்கும்.

கடைசிப் படி: இன்றைக்கே நாலு வசனம்

கொப்பியை எடுங்கள். கீழே உள்ளவற்றைப் பார்த்து, கிரேன் பொருந்துமா, பொருந்தாவிட்டால் எது பொருந்தும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு எழுதுங்கள்.

தேர்த் திருவிழாவில் அப்பாவின் தோளில் இருந்த குழந்தை சாமியைப் பார்க்கக் கழுத்தை எக்கியது.

பக்கத்து லயத்துப் பாட்டி திரைச்சீலையை விலக்கி இரகசியமாக எங்களை எட்டிப் பார்த்தார்.

சிவனொளிபாத மலைப் படிகளில் நின்றவர்கள் வரிசை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை எக்கினார்கள்.

நான் ஒவ்வொரு நாளும் காலையில் கழுத்துப் பயிற்சி செய்கிறேன்.

முதலாவதுக்கு, ‘த சைல்ட் கிரேன்ட் இட்ஸ் நெக்’ என்று எழுதலாம், ஆண் குழந்தை என்று தெரிந்தால் ஹிஸ், பெண் என்றால் ஹர். தோளில் இருந்தும் ஏன் எக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? தேரடியில் எல்லா அப்பாக்களின் தோளிலும் ஒரு குழந்தை இருக்கும். இரண்டாவது பீப், பாட்டி ஒளித்துப் பார்க்கிறார். மூன்றாவதில் ஆட்கள் பலர், ஆகவே தெயர் நெக்ஸ், எஸ் எழுத்தை விட்டீர்களா என்று இன்னொருமுறை பாருங்கள். நான்காவது ஸ்ட்ரெச். அதற்கும் கிரேன் போட்டிருந்தால் காலையில் எழுந்ததும் யார் வீட்டைப் பார்க்கிறீர்கள் என்று பக்கத்து லயத்துப் பாட்டியே கேட்பார்.